வீடு கட்டும் சைட்டில் மண் கரைந்து ஓடுகிறது, எப்படி நிறுத்துவது? (ஹுளிமாவு, பெங்களூரு)

மேட்டுத்தெரு
ஆகஸ்ட் 29, காலை 7.15

வணக்கம். ஹுளிமாவு ஏரிக்கு மேலே உள்ள சரிவில் எங்களுக்கு முப்பதுக்கு நாற்பது அடி சைட். போன வாரம் ஜேசிபி வைத்து சம்ப்புக்கும் (தரைக்கு அடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி) பில்லருக்கும் குழி எடுத்தோம். எடுத்த மண்ணை ரோட்டோரமாகக் குவித்து வைத்தார்கள். நேற்று முன்தினம் இரவு ஒரு மணி நேரம் நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் குவியலில் பாதியைக் காணோம்.

சரிவில் எங்களுக்குக் கீழே இருக்கும் வீட்டு கேட்டுக்குள் கணுக்கால் அளவு செம்மண் சேறு. அவர்கள் சம்ப்பின் மூடி தரை மட்டத்தில் இருக்கிறது. உள்ளே இருந்த எட்டாயிரம் லிட்டர் காவிரித் தண்ணீரும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். என்னைத் திட்டவில்லை. மழை யார் கையில் இருக்கிறது என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார். திட்டியிருந்தால்கூட மனசு இவ்வளவு கனத்திருக்காது. ஆள் வைத்து சம்ப்பைக் கழுவி, டேங்கர் தண்ணீர் வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் பெங்களூரில் பெரிய மழை செப்டம்பர், அக்டோபரில்தானே?

கான்ட்ராக்டரைக் கேட்டால், மழை பெய்தால் மண் போகத்தான் செய்யும் என்கிறார். சைட் பின்பக்கம் மேடு, ரோட்டுப் பக்கம் இறக்கம், நாற்பது அடிக்கு மூன்றடி இறங்குகிறது. கேட்டுக்குப் பக்கத்தில் நாலடிக்கு நாலடி, மூன்றடி ஆழத்தில் ஒரு குழி எடுத்து, தண்ணீர் அதில் விழுந்து தெளிந்து போகும்படி செய்யலாம் என்று நினைக்கிறேன். அது போதுமா?

அல்சூர்_சிவில்
ஆகஸ்ட் 29, காலை 10.40

நான் கட்டுமானப் பொறியாளர், இருபது வருடமாக இந்த ஊரில்தான் வேலை. பதில் சொல்வதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்கள் சைட் மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து, ஒரு லிட்டர் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் நிரப்பிக் குலுக்கி, ஜன்னலோரம் வையுங்கள். ஒரு நிமிடம் கழித்து, ஒரு மணி நேரம் கழித்து, நாளைக் காலையில் என்று மூன்று முறை பார்த்து எழுதுங்கள். குழி பற்றி அப்புறம் பேசலாம்.

மீதி மண் இப்போது எங்கே இருக்கிறது? பில்லர் குழியில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து எங்கே இறைக்கிறார்கள்?

மேட்டுத்தெரு
ஆகஸ்ட் 30, காலை 6.50

குலுக்கி வைத்த ஒரு நிமிடத்துக்குள் அடியில் ஒரு விரல் கனத்துக்கு மணல் படிந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் அதன்மேல் மெல்லிய சேறு. இன்று காலையிலும் மேலே உள்ள தண்ணீர் பால் விடாத டீ மாதிரியே இருக்கிறது, பாட்டிலுக்குப் பின்னால் விரல் வைத்தால் தெரியவில்லை.

மீதி மண் அதே ரோட்டோரத்தில்தான் இருக்கிறது. குழித் தண்ணீரைச் சாக்கடையில் விடுகிறார்கள்.

அல்சூர்_சிவில்
ஆகஸ்ட் 30, மதியம் 1.20

நன்றி. இனி உங்கள் குழிக் கணக்கைப் பார்க்கலாம்.

உங்கள் சைட் 1200 சதுர அடி, அதாவது சுமார் 111 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 40 மி.மீ. மழை விழுந்தால் ஏறக்குறைய 4,400 லிட்டர் தண்ணீர். நீங்கள் சொன்ன குழி கொள்வது சுமார் 1,360 லிட்டர். ஆக ஒரு மணி நேரத்தில் அது மூன்று தடவை நிரம்பி வழியும். உள்ளே வரும் தண்ணீர் நிற்பது இருபது நிமிடத்துக்கும் குறைவு. பொடி மணல் இரண்டடி ஆழம் இறங்க ஒரு நிமிடம் சொச்சம் போதும், அது குழியில் தங்கிவிடும். அதைவிடப் பத்து மடங்கு சிறிய வண்டல் துகளுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். களித்துகளுக்கு எட்டு நாளுக்கு மேல் ஆகும், அதுவும் தண்ணீர் அசையாமல் நின்றால். உங்கள் பாட்டில் காட்டியதும் இதைத்தான். குழி வேண்டும்தான், ஆனால் அது மணலை மட்டுமே பிடிக்கும். கீழ் வீட்டு சம்ப்பைச் சிவப்பாக்கிய களி அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

கரைந்த மண்ணைப் பிடிப்பது கஷ்டம். கரையாமல் பார்த்துக்கொள்வது சுலபம், செலவும் குறைவு. இதை என் தொழிலில் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் நானும் குழி, தடுப்பு என்றுதான் வரைபடத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.

மண் கரைவது தண்ணீர் ஓடத் தொடங்கும்போது இல்லை, துளி விழும்போதே. ஐந்து மி.மீ. அளவுள்ள பெரிய துளி வினாடிக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. வெறும் மண்ணில் அது மோதும்போது கட்டி உடைந்து, துகள் தெறித்து, மேல்பரப்பில் உள்ள சின்னச் சின்ன இடைவெளிகளை அடைத்துவிடும். அதன்பின் தண்ணீர் உள்ளே இறங்காது, மேலேயே ஓடும். ஓடும்போது கோடு கோடாக அரிக்கும், கோடுகள் சேர்ந்தால் வாய்க்கால். அந்த முதல் மோதலைத் தடுக்க தார்பாயோ, வைக்கோலோ, தென்னை ஓலையோ, எது மேலே கிடந்தாலும் போதும்.

அடுத்தது சரிவின் நீளம். நாற்பது அடியும் ஒரே சரிவாக இருந்தால் கீழே வரும்போது தண்ணீருக்கு வேகமும் அளவும் கூடும். குறுக்கே இரண்டு இடத்தில் முக்கால் அடி உயரத்துக்கு வரப்பு போட்டால் மூன்று குட்டைச் சரிவு ஆகிவிடும். வயலில் செய்வதுதான், புதிதாக ஒன்றும் இல்லை.

செங்கம்_மேஸ்திரி
ஆகஸ்ட் 30, இரவு 9.05

இன்ஜினியர் சார் சொன்னது சரி. வேலை செய்கிறவன் பக்கத்தையும் நான் சொல்லிவிடுகிறேன். கோரமங்களாவிலிருந்து சந்தாபுரா வரை இந்த இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ வீடு கட்டியாயிற்று. மண்ணை மூடு என்றால் மூடுவோம். ஆனால் தார்பாய் எங்கள் கொட்டேஷனில் இல்லை. சித்தாள் குவியலில் மண் அள்ளும்போது தார்பாயை இழுத்துப் போடுவார், சாயங்காலம் திரும்ப மூட யாருக்கும் ஞாபகம் இருக்காது. ராத்திரி மழை வரும். நடப்பது இதுதான். இதற்குச் செலவு எவ்வளவு, மூடுவது யார் பொறுப்பு என்று வீட்டுக்காரர் முதலிலேயே பேசி எழுதி வைத்துவிட்டால் நாங்கள் செய்யாமல் இருக்க மாட்டோம்.

தம்பி, உங்கள் சைட்டில் முதல் தப்பு குவியல் இருக்கும் இடம். ரோட்டோரம் என்பது சாக்கடைக்குப் பக்கத்திலேயே வைத்த மாதிரி. பின்னால் குழியில் திரும்ப அடித்து நிரப்ப எவ்வளவு மண் வேண்டும் என்று கணக்குப் பார்த்து அதை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தை டிப்பரில் அன்றைக்கே அனுப்பியிருக்க வேண்டும். வைத்துக்கொள்ளும் மண் பின்பக்க மேட்டில் இருக்கட்டும், ஆனால் குழி விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டராவது, அல்லது குழி ஆழத்தில் பாதியாவது, எது அதிகமோ அவ்வளவு தள்ளி.

இன்னொன்று. பின் வீட்டுக் காம்பவுண்டு சுவருக்குக் கீழே மண்ணை நேராக வெட்டியிருக்கிறார்களா? அதைப் போட்டோ எடுத்துப் போடுங்கள்.

மேட்டுத்தெரு
ஆகஸ்ட் 31, காலை 8.00

போட்டோ இணைத்திருக்கிறேன். பின்பக்கம் மூன்றடி வெட்டு, சுவரிலிருந்து ஒரு அடிகூட இல்லை. மண் நன்றாக நிற்கிறது, ஜேசிபி பல் போன தடம்கூட அப்படியே இருக்கிறது.

அல்சூர்_சிவில்
ஆகஸ்ட் 31, காலை 8.25

தயவுசெய்து இன்றைக்கே அங்கே ஆள் இறங்குவதை நிறுத்துங்கள். நம் ஊர்ச் செம்மண் காய்ந்தும் லேசான ஈரத்தோடும் இருக்கும்போது செங்குத்தாக நிற்கும். துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்சம் ஈரம் அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும், ஈர மணலில் குழந்தைகள் வீடு கட்டுவதைப் போல. முழுக்க நனைந்தால் அந்தப் பிடி போய்விடும். நேற்று வரை பாறை மாதிரி நின்ற வெட்டு மழை விட்ட மறுநாள் காலையில் சரிவது இதனால்தான். பின் வீட்டிலிருந்து வழியும் தண்ணீர் வெட்டின் தலையில் விழாமல் சின்ன வாய்க்கால் எடுத்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். வெட்டின்மேல் தார்பாய் போர்த்துங்கள். சரிவைப் படியாக வெட்டலாமா, முதலில் அந்தப் பக்கம் மண்ணைத் தாங்க சைஸ் கல் (செதுக்கிய கருங்கல்) சுவர் எழுப்பிவிடலாமா என்று உங்கள் பொறியாளர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். பின் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

கம்மனஹள்ளி_வாசகர்
ஆகஸ்ட் 31, மாலை 6.30

எனக்கு ஒரு சந்தேகம். ஊர் முழுக்க அடுக்குமாடிக்காரர்கள் மலை மலையாக மண் தோண்டுகிறார்கள். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும், 2006ஆம் வருட அறிவிக்கையில் அப்படி இருக்கிறது. அவர்களே மழைக்காலத்தில் செந்தண்ணீரை ரோட்டில் விடுகிறார்கள். முப்பதுக்கு நாற்பது சைட்டில் வரும் மண் எவ்வளவு இருந்துவிடப் போகிறது? நடுத்தரக் குடும்பம் கடன் வாங்கிக் கட்டும்போது இந்தச் செலவையும் தலையில் வைப்பது நியாயமா?

ஏரிக்கரை_நடை
ஆகஸ்ட் 31, இரவு 8.10

நான் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குடியிருப்போர் குழுவில் இருக்கிறேன். உங்கள் ஆதங்கம் புரிகிறது சகோதரரே, பெரியவர்களைக் கேட்கத்தான் வேண்டும், கேட்கவும் செய்கிறோம். ஆனால் ஏரியின் வரத்துக் கால்வாய் வாயில் வந்து நின்று பாருங்கள். மழை முடிந்ததும் அங்கே ஒரு திட்டு உருவாகியிருக்கும். போன வருடம் தண்ணீர் நின்ற இடத்தில் இப்போது புல் முளைத்து நாரை நடக்கிறது. அந்தத் திட்டு எந்த ஒரு பெரிய கட்டடத்திலிருந்தும் வரவில்லை. மேலே உள்ள லேஅவுட்டில் ஒரே நேரத்தில் முப்பது, நாற்பது வீடு கட்டுகிறார்கள், எல்லாம் சின்ன சைட்தான்.

ராஜகாலுவேயில் (ஊரின் பெரிய மழைநீர்க் கால்வாய்) மண் படிந்தால் அடுத்த மழைக்கு அதில் தண்ணீர் போக இடம் இருக்காது. 2022 செப்டம்பரில் ஒரே நாளில் 130 மி.மீ. அளவில் கொட்டியபோது பெள்ளந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் படகிலும் டிராக்டரிலும் ஆட்களை மீட்டார்கள். அதற்கு ஆக்கிரமிப்பு உட்படக் காரணங்கள் பல, மண்ணை மட்டும் சொல்லவில்லை. ஆனால் அடைத்துக் கிடந்த கால்வாயை நாங்கள் தூர்வாரிய நாட்களில் மண்வெட்டியில் வந்தது பெரும்பாலும் கட்டட மண்ணும் ஜல்லித் தூளும்தான்.

அல்சூர்_சிவில்
ஆகஸ்ட் 31, இரவு 9.30

கம்மனஹள்ளி நண்பருக்கு ஒரு கணக்கு. நீங்கள் சொன்ன முப்பதுக்கு நாற்பது சைட்டில் ஒரு மி.மீ. கனத்துக்கு மண் போனால், கண்ணுக்கே தெரியாத அளவு அது, சுமார் 150 கிலோ. மூன்று சிமெண்ட் மூட்டை. ரோட்டோரக் குவியல் கரைந்தால் அது டன் கணக்கில் போகும். கட்டட இடத்திலிருந்து போகும் மண் விளைநிலத்தில் போவதைப் போலப் பத்து முதல் இருபது மடங்கு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்கிறது. அங்கே ஒரு ஏக்கருக்கு மேல் நிலத்தைக் கிளறினாலே மண் அரிப்புத் தடுப்புத் திட்டத்தோடு அனுமதி வாங்க வேண்டும். நம் ஊரில் சின்ன வீட்டுக்கு அப்படிக் கேட்கும் ஆள் இல்லை. அதனால்தான் நாமே செய்ய வேண்டியிருக்கிறது. செலவும் நீங்கள் பயப்படும் அளவு இல்லை, மேட்டுத்தெரு நண்பர் முடித்த பின் தொகையை எழுதட்டும்.

ஓசூர்_தோட்டம்
செப்டம்பர் 1, காலை 5.55

ஹுளிமாவு என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது. அந்தத் தண்ணீர் மடிவாளா, அகரா, பெள்ளந்தூர், வர்த்தூர் என்று ஏரி ஏரியாக இறங்கி, கடைசியில் தென்பெண்ணையில் சேர்ந்து எங்கள் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையில் நுரை பொங்கும் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நுரை காற்றில் போய்விடும், மண் எங்கேயும் போகாது. வாய்க்காலைத் திறந்தால் என் சொட்டுநீர்க் குழாயின் வடிகட்டியை மழைக்காலத்தில் தினமும் கழற்றிக் கழுவுகிறேன். யாரையும் குறை சொல்லவில்லை. நீங்கள் அங்கே ஒரு தார்பாய் போட்டால் இங்கே ஒருவருக்கு வேலை குறையும் என்று தெரிந்தால் போதும்.

மாடித்தோட்டம்
செப்டம்பர் 1, காலை 11.15

இரண்டு கேள்வி. சைட்டைச் சுற்றிப் பச்சை நிழல்வலை கட்டினால் மண் நிற்காதா? அப்புறம், கலங்கிய தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துப் போட்டால் தெளியும் என்று பாட்டி செய்து பார்த்திருக்கிறேன். சம்ப்புக்கு அது ஆகுமா?

அல்சூர்_சிவில்
செப்டம்பர் 1, மதியம் 2.00

நிழல்வலையில் ஓட்டை பெரிது, செந்தண்ணீர் சுலபமாகப் போகும். அதோடு பெரும்பாலும் வலையைத் தரைக்கு மேலே தொங்கவிட்டுக் கட்டுகிறார்கள், தண்ணீர் அடியிலேயே போய்விடும். வண்டல் தடுப்புக்கென்றே நெய்த துணி கிடைக்கிறது. அதன் அடியை அரையடி ஆழத்தில் புதைத்து, இரண்டு முனையையும் மேட்டுப் பக்கம் மடக்கி, மேட்டுப் பக்கத்துக்கு எதிர்ப்புறம் குச்சி நட்டுக் கட்ட வேண்டும். அப்போதுதான் தண்ணீர் தேங்கி மெதுவாகக் கசியும். மேட்டுத்தெரு நண்பரின் அளவு சைட்டுக்கு மண் நிரப்பிய கோணி மூட்டைகளை இரண்டு வரிசை, செங்கல் கட்டுவதுபோல இணைப்பு மாற்றி அடுக்கினாலே போதும்.

பாட்டி செய்ததில் அறிவியல் இருக்கிறது. களித்துகள்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மிதக்கும், தேற்றாங்கொட்டையும் படிகாரமும் அவற்றை ஒன்றுசேர்த்துக் கீழே இறக்கும். பானைக்கும் குடத்துக்கும் அருமை. சாக்கடை கலந்திருக்கக்கூடிய ரோட்டுத் தண்ணீர் புகுந்த சம்ப்பைத் தெளியவைத்துக் குடிப்பது கூடாது, காலி செய்து கழுவுவதுதான் சரி.

செங்கம்_மேஸ்திரி
செப்டம்பர் 1, இரவு 8.40

குழித் தண்ணீர் இறைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மழை விட்டதும் மோட்டாரைப் போட்டுவிடாதீர்கள், வேலை அவசரம் இல்லையென்றால் ஒரு ராத்திரி விடுங்கள். உறிஞ்சும் குழாயின் வாய் அடிச்சேற்றில் கிடக்கக் கூடாது. காலி பெயிண்ட் டப்பாவை மிதவையாகக் கட்டி மேல்மட்டத் தண்ணீரை மட்டும் எடுங்கள். அதையும் சாக்கடையில் விடாமல், இன்ஜினியர் சொன்ன வரப்புக்குள் விட்டால் அங்கேயே ஊறிவிடும்.

கேட்டில் டிப்பர் ஏறி இறங்கும் இடத்தில் நாற்பது எம்எம் ஜல்லி அரையடி கனத்துக்குக் கொட்டுங்கள். சக்கரத்தில் ஒட்டிய மண் அங்கேயே உதிரும். பின்னால் அந்த ஜல்லி தரைக்கு அடியில் போட உதவும், வீணாகாது.

மாடித்தோட்டம்
செப்டம்பர் 2, காலை 9.20

பல மாதம் அப்படியே இருக்கப்போகும் குவியலில் கொள்ளு விதைக்கலாமே? மூன்று நாலு நாளில் முளைக்கும், மூன்று வாரத்தில் மண்ணே தெரியாமல் படரும். பெங்களூரைச் சுற்றி ராகி அறுத்த காட்டில் கொள்ளு பார்த்திருப்பீர்கள். அடித்து நிரப்பும் முன் செடியை வேரோடு பிடுங்கி எடுத்துவிட வேண்டும், மண்ணுக்குள் மக்கினால் தரை இறங்கும். பின்பக்கச் சரிவில் நிரந்தரமாக வெட்டிவேர். வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேராக மூன்று மீட்டர் வரை இறங்கக்கூடியது. குண்டலுப்பேட்டை விவசாயிகள் எத்தனையோ தலைமுறையாக வரப்பில் அதைத்தான் நட்டு வைத்திருக்கிறார்கள். வேர் பிடிக்கும்வரை மேலே தென்னைநார் வலை விரிக்கலாம், இரண்டு மூன்று வருடத்தில் தானே மக்கிவிடும்.

தோண்டும்போது மேலே முக்கால் அடி மண்ணைத் தனியாக எடுத்து வைத்தீர்களா? செடி வளரும் உயிர் அதில்தான் இருக்கிறது. கீழ்மண்ணோடு கலந்துவிட்டால் பின்னால் தோட்டத்துக்கு மண் விலைக்கு வாங்குவீர்கள்.

மேட்டுத்தெரு
செப்டம்பர் 2, இரவு 10.05

மேல்மண் கலந்துபோய்விட்டது, அது தெரியாமல் போனது வருத்தம்தான். மற்றதை நாளைக் காலையிலிருந்து தொடங்குகிறேன். பொறியாளர் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, முதலில் அந்தச் சுவர், அப்புறம்தான் பில்லர் என்று வேலை வரிசையை மாற்றிவிட்டார்.

மேட்டுத்தெரு
அக்டோபர் 19, காலை 7.30

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். மிச்ச மண் நாலு டிப்பர், மறுநாளே போய்விட்டது. அது எப்படியும் ஆக வேண்டிய செலவு என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை. கனமான தார்பாய் மூன்று, கோணி மூட்டை, வரப்பு போட இரண்டு நாள் கூலி, ஜல்லி, மணல் பிடிக்கும் அந்தக் குழி, எல்லாம் சேர்த்துப் பதினான்காயிரத்துச் சொச்சம். கீழ் வீட்டு சம்ப்பைக் கழுவி டேங்கர் வாங்கியதற்கு ஒரே நாளில் ஆறாயிரம் போயிருந்தது. தார்பாய் மூடுவது யார் பொறுப்பு என்று மேஸ்திரி அண்ணன் சொன்னபடி எழுதி வைத்தோம். வாட்ச்மேன் மாலை ஆறு மணிக்கு மூடிவிட்டு எனக்குப் போட்டோ அனுப்புகிறார், அதற்கு மாதம் ஐந்நூறு தனியாகக் கொடுக்கிறேன். இதுவரை ஒருநாள்தான் தவறியது, அன்று மழை இல்லை.

நடுவில் மூன்று பெரிய மழை. முதல் மழையில் கீழ் வரப்பு ஒரு மூலையில் உடைந்தது. தண்ணீர் எல்லாம் அந்த ஒரே மூலைக்குத்தான் வருகிறது என்பதை நான் கவனிக்கவில்லை. மூட்டை வைத்து, வழிந்து போவதற்கென்று கல் பாவிய ஒரு தாழ்வான வாய் விட்டோம், அதற்கப்புறம் உடையவில்லை. மூன்றாவது மழை நின்றதும் கீழ் வீட்டுக்கு ஓடினேன். கேட்டு முன்னால் தண்ணீர் லேசான நிறத்தில்தான் ஓடியது. ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துப் பார்த்தேன், அன்று குலுக்கிய பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. முழுத் தெளிவு இல்லை, ஆனால் பின்னால் வைத்த விரல் தெரிகிறது. அவர்கள் சம்ப்பின் மூடியைச் சுற்றி அரையடி உயரத்துக்குச் சின்னச் சுவர் கட்டிக் கொடுத்துவிட்டோம்.

கொள்ளு முளைத்து இப்போது பூ விட ஆரம்பித்திருக்கிறது. அந்த அம்மா கொஞ்சம் பறித்துக் குழம்பு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

செங்கம்_மேஸ்திரி
அக்டோபர் 19, இரவு 8.15

கொடுங்கள் தம்பி. அடுத்து கடைக்காலுக்குப் பக்கத்தில் மண் அடிப்பீர்கள். ஒரே கொட்டாகக் கொட்ட விடாதீர்கள், அரையடி போட்டுத் தண்ணீர் தெளித்து திம்சு (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) போட்ட பிறகுதான் அடுத்த அரையடி. தளம் போட்ட அன்றைக்கே மழைநீர்க் குழாயைத் தரை வரைக்கும் இறக்கிவிடுங்கள். மொட்டைமாடித் தண்ணீர் மேலிருந்து ஒரே இடத்தில் விழுந்தால் இப்போது அடித்த மண்ணை அதுவே தோண்டிவிடும்.